முதலில் பயம் இறங்கட்டும்: குழந்தைக்கு சைக்கிள் கற்றுத்தர ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு சைக்கிள் கற்றுத்தர நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் சைக்கிளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை அங்குலச் சக்கரம், சைடு வீல் வேண்டுமா வேண்டாமா, எந்த மைதானத்துக்குப் போவது என்று எல்லாவற்றையும் யோசிப்பார்கள். ஏறி உட்காரப்போகிற குழந்தை அந்த நேரத்தில் என்ன உணர்கிறது என்பது மட்டும் கணக்கில் வராது. "பயப்படாதே" என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துபோகும்.

உடல் ஒரு புதிய இயக்கத்தைப் பழகும்போது மனம் ஒதுங்கி நிற்பதில்லை. பயந்த உடலின் தசைகள் இறுகும். சைக்கிளுக்கு வேண்டியதோ தளர்ந்த தோளும் வளைந்துகொடுக்கும் கையும்தான். பயத்தைக் குறைப்பதை, பாடம் தொடங்கும் முன் சொல்லும் ஆறுதலாக நினைக்கக் கூடாது. பாடத்தின் முதல் பகுதியே அதுதான்.

இந்த வழிகாட்டி 4 முதல் 8 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கானது. ஒவ்வொரு படியிலும் உடல் எதைப் பழகுகிறது, மனதுக்கு எது தேவை என்ற இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

## பயம் உடலுக்குள் என்ன செய்கிறது?

தசைகள் பூட்டிக்கொள்கின்றன. புதிதாக ஒன்றைக் கற்பவர் தம் மூட்டுகள் பலவற்றை அசையவிடாமல் இறுக்கிக்கொள்வார் என்று சோவியத் அறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் விளக்கினார். தோள், முழங்கை, இடுப்பு என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்த முடியாததால், சிலவற்றைப் பூட்டிவைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் இயக்குகிறார். பழகப் பழக அந்தப் பூட்டுகள் திறக்கின்றன. எனவே முதல் நாள் விறைப்பு இயல்பானதுதான். பயம் அதன்மேல் இன்னொரு விறைப்பைச் சேர்க்கிறது. எதிரெதிராக வேலை செய்ய வேண்டிய தசைகள் ஒருசேர இறுகுகின்றன, மூச்சு அடைத்துக்கொள்கிறது, கைகள் ஹாண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கின்றன.

சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹாண்டிலைச் சற்றுத் திருப்பினால்தான் சக்கரங்கள் மீண்டும் உடலுக்கு அடியில் வந்து சேரும். ஓட்டுபவர் இந்தச் சிறு திருத்தங்களை இடைவிடாமல் செய்துகொண்டே இருக்கிறார். இறுகிய கைக்கு இது கைகூடாது.

கவனம் சிதறுகிறது. இயக்கத் திறன்களைக் கற்பதில் மூன்று கட்டங்கள் உண்டு என்று பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967இல் எழுதினார்கள். முதலில் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறோம். அடுத்து, பிழைகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. கடைசியில் யோசிக்காமலே உடல் செய்கிறது. முதல் கட்டத்துக்குத்தான் கவனம் அதிகம் தேவை. "விழுந்துவிடுவேனோ, அப்பா திட்டுவாரோ" என்ற எண்ணம் ஓடும்போது அந்தக் கவனத்தின் பெரும்பங்கு அதற்கே செலவாகிவிடுகிறது.

அவசரப்படுத்தினால் எதிர்ப்பலன். ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் இருவரும் 1908இல் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனை இன்றும் பேசப்படுகிறது. எளிய வேலையில் வலுவான தூண்டுதல் உதவியது. வேலை கடினமாக ஆக, மிதமான தூண்டுதலே நல்ல பலன் தந்தது. குழந்தைக்கு சைக்கிள் மிகக் கடினமான வேலை. கொஞ்சம் பரபரப்பு இருக்கலாம். அதட்டலும் கெடுவும் கூடாது.

நினைவு ஒட்டிக்கொள்கிறது. பயத்தோடு நடந்தவற்றை மூளையின் அமிக்டலா என்ற பகுதி அழுத்தமாகப் பதியவைக்க உதவுகிறது. அந்த இடம், அந்தக் குரல், அந்த சைக்கிள் எல்லாம் சேர்ந்தே பதியும். ஒரு நாள் அழுதுகொண்டே பழகிய குழந்தை மறுநாள் சைக்கிளைப் பார்த்ததும் வயிறு வலிக்கிறது என்றால் அது நடிப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எதிர்பாராத ஒரு சிறு வெற்றியோ இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. அந்த மகிழ்ச்சியில் மூளையில் டோபமின் சுரக்கிறது. இப்போது செய்த அசைவைத் திரும்பச் செய்யும் ஆசை பிறக்கிறது.

## குழந்தை உங்கள் முகத்தைப் படிக்கிறது

1985இல் ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு கண்ணாடித் தளத்தில் தவழவிட்டார்கள். நடுவில் கண்ணாடிக்கு அடியில் சுமார் 30 சென்டிமீட்டர் பள்ளம் தெரியும். விழ வாய்ப்பில்லை, ஆனால் பார்வைக்குப் பள்ளம்தான். மறுபக்கம் அம்மா நிற்கிறார். அம்மாவின் முகம் மகிழ்ச்சியாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்துவந்தார்கள். பயந்த முகத்தைப் பார்த்த 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

பள்ளம் அதேதான், கண்ணாடியும் அதேதான். முகம் மாறியதால் முடிவு மாறியது. போவதா வேண்டாமா என்று தயங்கும் குழந்தை பெரியவர் முகத்தில் விடை தேடுகிறது. பேச்சு வந்த பிறகும் இந்தப் பழக்கம் போய்விடுவதில்லை. வாய் "ஒண்ணுமில்லடா" என்று சொல்லும்போது கண்கள் விரிந்து பதறினால், குழந்தை கண்களைத்தான் நம்பும்.

## தொடங்கும் முன்: தேவையானவை

- பொருந்தும் சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும். "வளர்ந்தாலும் ஆகும்" என்று பெரிதாக வாங்கிய சைக்கிள் முதல் நாளிலேயே பயத்தைக் கொண்டுவந்துவிடும்.
- பெடலைக் கழற்ற ஒரு ஸ்பேனர். இடது பெடலின் மரை தலைகீழானது. வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். சைக்கிள் கடையில் கேட்டால் சில நிமிடங்களில் கழற்றித் தருவார்கள்.
- ஹெல்மெட், மூடிய காலணி, முழங்கால் உறை. புருவத்துக்குச் சற்று மேலே, நெற்றியை மூடும்படி ஹெல்மெட் இருக்க வேண்டும். தொளதொள பேன்ட், துப்பட்டா, அவிழ்ந்த ஷூ நாடா எதுவும் செயின் பக்கம் வரக் கூடாது.
- இடம். வண்டிகள் வராத, சமமான சிமென்ட் தரை அல்லது இறுகிய மண்தரை. புதைமணல் வேண்டாம். ஓரத்தில் மிக லேசான சரிவு இருந்தால் நல்லது.
- நேரம். பசி, தூக்கம், வெயில் மூன்றும் இல்லாத 15 முதல் 20 நிமிடம். பள்ளி விட்டுக் களைத்து வந்த உடனே வேண்டாம்.
- ஒரே ஒரு பெரியவர். அப்பா ஒன்று சொல்ல, தாத்தா வேறொன்று சொல்ல, மாமா வீடியோ எடுக்க, குழந்தை நடுவில் திணறக் கூடாது.

## படி 1: உங்களைத் தயார்படுத்துங்கள்

மைதானத்துக்குப் போகும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று எனக்கு அவசரமா? பக்கத்து வீட்டுக் குழந்தை ஓட்டுகிறதே என்ற எண்ணம் உள்ளே இருக்கிறதா? இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். இன்றைய இலக்கைச் சின்னதாக வையுங்கள். "சைக்கிள் ஓட்டக் கற்க வேண்டும்" என்பது நாள் இலக்கு ஆகாது. "சைக்கிளை உருட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும்" என்பது ஆகும்.

குழந்தை சாயும்போது "ஐயோ!" என்று கத்துவது பலருக்கும் அனிச்சையாக வரும். அதற்கு மாற்றாக ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். "கால் கீழே" என்பது போதும். பதற்றம் காட்டாமல், என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

## படி 2: தேர்வைக் குழந்தையிடம் விடுங்கள்

கேப்ரியல் வுல்ஃப், ரெபேக்கா லூத்வைட் இருவரும் 2016இல் இயக்கக் கற்றல் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். கற்றல் நன்றாக நடக்க மூன்று விஷயங்கள் தேவை என்பது அதன் சாரம்: என்னால் முடியும் என்ற எதிர்பார்ப்பு, தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, உடலை விட்டு வெளியே உள்ள இலக்கின்மேல் கவனம்.

தேர்வு சின்னதாக இருந்தாலும் போதும். "இந்த மரத்திலிருந்து ஆரம்பிக்கலாமா, அந்தக் கம்பத்திலிருந்தா?" "நான் பக்கத்தில் வரட்டுமா, எதிரில் நிற்கட்டுமா?" "இன்னும் ஒரு தடவையா, தண்ணி குடிச்சிட்டா?" முடிவு தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த குழந்தைக்குப் பயம் தாங்கும் அளவுக்குள் நிற்கும்.

நம் ஊர்களில் ஒரு தலைமுறையே குரங்கு பெடல் போட்டுத்தான் சைக்கிள் கற்றது. உயரம் எட்டாத பெரிய சைக்கிளின் சட்டத்துக்குள் காலை நுழைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதித்துப் போவார்கள். வாடகைச் சைக்கிள், பக்கத்தில் கூட்டாளிகள், மேற்பார்வைக்கு யாரும் இல்லை. சைக்கிள் பொருந்தாததுதான், காயங்களும் பட்டன. ஆனாலும் எப்போது ஏறுவது, எப்போது குதிப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவுசெய்தார்கள். கால் எப்போதும் தரைக்கு அருகில் இருந்தது. இந்த இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஆபத்தை விட்டுவிடலாம்.

## படி 3: நிறுத்தவும் இறங்கவும் முதலில் பழக்குங்கள்

ஓட்டுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். குழந்தை சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்தபடி அதை உருட்டட்டும். நீங்கள் "பிரேக்" என்றதும் பிடிக்கட்டும். பிறகு ஏறி உட்கார்ந்து, சைக்கிளை வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து, அந்தப் பக்கக் காலை ஊன்றி நிற்கட்டும். இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்யலாம். குழந்தைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இதனால் மனதுக்குக் கிடைப்பது பெரியது. "எப்போது வேண்டுமானாலும் என்னால் நிறுத்த முடியும்" என்று குழந்தையின் உடலுக்கே தெரிந்துவிடுகிறது. "விழமாட்டே" என்று நீங்கள் வாக்குறுதி கொடுத்தால், முதல் விழுதலிலேயே அது பொய்யாகிவிடும். இந்தத் திறமை பொய்யாகாது.

## படி 4: பெடல் இல்லாமல் ஓடட்டும்

சைக்கிளின் முன்னோடி 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் உருவாக்கிய இருசக்கர வண்டி. அதற்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தி ஓட்டினார்கள். குழந்தைகள் கற்கவும் அந்த வரிசை பொருந்துகிறது.

பெடலைக் கழற்றிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து நடக்கச் சொல்லுங்கள். நடை தானாக ஓட்டமாகும். ஓட்டத்தின் நடுவே இரண்டு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும். அந்தக் கணம்தான் சமநிலை. லேசான சரிவில் விட்டால் கணம் நீளும்.

சைடு வீல் இதைத் தருவதில்லை. அது வண்டியைச் சாயவிடாது. சாய்வைத் திருத்தும் வித்தையை உடல் பழகவே வாய்ப்பில்லை. பின்னர் அதைக் கழற்றும் நாளில் பழக்கமே இல்லாத சாய்வு திடீரென வந்து பயமுறுத்தும். பெடல் இல்லாத சைக்கிளில் தொடங்கிய குழந்தைகள் சைடு வீலில் தொடங்கியவர்களைவிடச் சீக்கிரம் தனியாக ஓட்டியதைப் போர்த்துகலில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எதிரெதிரே இரண்டு கோடுகள் வரைந்து, அவற்றுக்கிடையே கால் படாமல் மிதக்க முடிகிறதா என்று பாருங்கள். அதை நிதானமாகச் செய்யும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

## படி 5: பார்வைக்கு ஓர் இலக்கு கொடுங்கள்

பயந்த குழந்தை முன்சக்கரத்தையோ, மோதிவிடுவோமோ என்று அஞ்சும் கல்லையோ பார்க்கும். சைக்கிளும் பார்வை போகும் திசைக்கே போகும். "கல்லைப் பார்த்து, கல்லைப் பார்த்து!" என்று கத்தினால் கல்லைத்தான் பார்க்க வைக்கிறோம்.

"அந்த வேப்பமரத்தைப் பாரு, அதுகிட்ட போயிடலாம்" என்று சொல்லுங்கள். "முதுகை நிமிர்த்து, முழங்கையை மடக்கு, காலை இப்படி வை" என்று உறுப்பு உறுப்பாகத் திருத்தாதீர்கள். உறுப்பை நினைத்தால் அசைவு தடுமாறும். இலக்கை நினைத்தால் உறுப்புகள் தாமே ஒத்துழைக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறிப்புப் போதும்.

## படி 6: பெடலை மாட்டுங்கள், சொல்லிவிட்டுக் கையை எடுங்கள்

இப்போது பெடலை மாட்டி, ஒரு பெடலைச் சற்று முன்பக்கமாக உயர்த்தி வையுங்கள். அதை அழுத்தியே குழந்தை கிளம்பட்டும். ஹாண்டில்பாரைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் திருத்தங்களை நீங்கள் செய்வீர்கள், குழந்தை கற்காது. தோளிலோ முதுகிலோ லேசாகக் கை வைத்துக் கூடவே வாருங்கள்.

"பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ரகசியமாகக் கையை விடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சில குழந்தைகள் அதில் ஓட்டிவிடுவார்கள், உண்மைதான். ஆனால் திரும்பிப் பார்த்து ஆள் இல்லை என்று தெரிந்த கணத்தில் பதறி விழும் குழந்தையும் உண்டு. அது இழப்பது சமநிலையை மட்டுமல்ல, நம்பிக்கையையும்தான். அடுத்த முறை நீங்கள் நிஜமாகவே பிடித்திருந்தாலும் அது திரும்பித் திரும்பிப் பார்க்கும். பார்வை பின்னால் போனால் சைக்கிள் நேராகப் போகாது.

அதனால் சொல்லிவிட்டு விடுங்கள். "மூணு எண்ணினதும் கையை எடுக்கட்டுமா? கூடவே ஓடி வர்றேன்" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். குழந்தையே "இப்போ விடுங்க" என்று சொல்லும்வரை காத்திருங்கள். அந்தச் சொல் குழந்தையின் வாயிலிருந்து வந்தால், ஓட்டிய பெருமையும் அதனுடையதாகிறது.

## படி 7: விழுந்த பிறகு வரும் அரை நிமிடம்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரென் அடால்ஃபும் அவருடைய குழுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, நடை பழகும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளைக் கவனித்தது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்துவைத்தார்கள். 17 முறை விழுந்தார்கள். நடக்கப் பழகும் பருவத்தில் விழுவதை யாரும் தோல்வியாகக் கருதுவதில்லை, அதனால் குழந்தையும் கருதுவதில்லை. ஆறு வயதிலும் அந்தச் சூழலை நாம் தர முடியும்.

விழுந்தால் இந்த வரிசையில் நடந்துகொள்ளுங்கள்:

1. ஓடாமல், வேகமாக நடந்து போங்கள். முகம் நிதானமாக இருக்கட்டும்.
2. குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, அடிபட்டதா என்று பாருங்கள்.
3. வலியை ஒப்புக்கொள்ளுங்கள். "வலிக்குதா? ஆமா, சிராய்ச்சிருக்கு. கழுவிடலாம்."
4. தரையை அடிப்பது, சைக்கிளைத் திட்டுவது வேண்டாம். "இதுக்கெல்லாம் அழுவாங்களா" என்பது நிச்சயமாக வேண்டாம்.
5. அழுகை அடங்கிய பிறகு கேளுங்கள்: "இன்னும் ஒரு தடவையா, இன்னைக்குப் போதுமா?"

"போதும்" என்றால், ஏற்கெனவே நன்றாக வரும் சின்ன வேலை ஒன்றைச் செய்துவிட்டு முடியுங்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு திரும்பினால்கூடப் போதும். அன்றைய கடைசி நினைவு விழுந்ததாக இருக்க வேண்டாம்.

## எதைச் சொல்லலாம், எதைத் தவிர்க்கலாம்

- "பயப்படாதே" வேண்டாம். "பயமா இருக்கா? எந்த இடத்துல பயமா இருக்கு?" என்று கேளுங்கள். "திரும்பும்போது" என்று பதில் வந்தால், பழக வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.
- "நீ கெட்டிக்காரன்" என்று ஆளைப் புகழ்வதைவிட, "சாயறப்போ டக்குனு காலை ஊனினியே" என்று செய்ததைச் சொல்லுங்கள். அதை மறுபடி செய்ய முடியும்.
- "தம்பிகூட ஓட்டுறான், பாரு" என்ற ஒப்பீடு வேண்டாம். "போன வாரம் இந்தக் கோடு வரைக்கும் போனே, இன்னைக்கு அதைத் தாண்டிட்டே" என்று அதே குழந்தையின் நேற்றோடு ஒப்பிடுங்கள்.

## வெட்கம் இருந்தால்

சின்னக் குழந்தைகள் தங்கள் திறமையை உள்ளதைவிட அதிகமாகவே மதிப்பிடுவார்கள். அது நல்லதுதான், திரும்பத் திரும்ப முயல வைக்கும். ஏழெட்டு வயதில் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அப்போது விழும் பயத்தைவிட, சிரிப்பார்களே என்ற பயம் பெரிதாகிவிடும். அந்த வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஆள் நடமாட்டம் குறைந்த இடமும் நேரமும் கொடுங்கள். இல்லாவிட்டால் தன்னைப் போலவே புதிதாகக் கற்கும் இரண்டு மூன்று பேரோடு சேர்த்துவிடுங்கள்.

கூட்டாகக் கற்பதன் வலிமைக்குப் புதுக்கோட்டை சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். ஏளனம் இல்லாமல் இல்லை. ஆனால் சேர்ந்து கற்றபோது ஏளனம் யாரையும் தனியாகக் குறிவைக்க முடியவில்லை. வளர்ந்தவர்களுக்கே தேவைப்பட்ட அந்தத் துணை, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தைக்கும் பையனுக்கும் தேவைப்படும்.

## நீச்சலுக்கும் எழுத்துக்கும் இதே வழி

நீச்சலில் விறைத்த உடல் எளிதில் மிதக்காது. தண்ணீருக்குள் திடீரெனத் தள்ளிவிட்டுக் கற்பிப்பதை அறவே விட வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்து முகம் நனைப்பதிலிருந்து தொடங்கி, மூச்சு விடுவது, பிடிமானத்தோடு மிதப்பது என்று போகலாம். எழுத்தில் பயம் பென்சில் பிடியில் தெரியும்: விரல் நுனி வெளுக்க அழுத்திப் பிடிப்பது, தாள் கிழிய எழுதுவது. அடித்து அழித்து எழுதவைத்தால் பிடி இன்னும் இறுகும். கரும்பலகையில், மணலில், பெரிய தாளில் பெரிதாக எழுதவிட்டால் கை தளரும்.

## எப்போது உதவி தேடுவது?

பயம் குறைந்து, வாய்ப்பும் கிடைத்து, பல மாதங்கள் ஆகியும் சைக்கிள் வரவில்லை, கூடவே பொத்தான் போடுவது, பந்து பிடிப்பது, எழுதுவது எல்லாவற்றிலும் சம வயதினரைவிட மிகவும் தடுமாறுகிறது என்றால், குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளி வயதுக் குழந்தைகள் 100 பேரில் 5 அல்லது 6 பேருக்கு இயக்க ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. ஆக்குபேஷனல் தெரபி பயிற்சிகள் நன்றாக உதவும். அரசின் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் இதற்கான ஆலோசனை பெறலாம்.

## எத்தனை நாளில் வரும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஒரே மாலையில் ஓட்டிவிடும் குழந்தையும் உண்டு, மாதக்கணக்கில் பழகும் குழந்தையும் உண்டு. நாளை எண்ணினால் அவசரம் வரும். அவசரம் உங்கள் முகத்தில் ஏறும். முகத்திலிருந்து குழந்தையின் கைக்கு இறங்கும். அதனால் வேறோர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் ஓட்டியது என்று பார்ப்பதற்கு முன், நாளைக்கும் வர விரும்புகிறதா என்று பாருங்கள். "நாளைக்கும் போலாமா?" என்று குழந்தை கேட்டால் அன்றைய பயிற்சி வெற்றி, ஓர் அடிகூட மிதிக்காமல் இருந்திருந்தாலும். கேட்கவில்லை என்றால் மறுநாள் ஒரு படி பின்னால் போய், அது சிரித்துக்கொண்டு செய்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.